குடியைக் குறைச்சாச்சு… காசு எங்கே போச்சு?

முதல்ல ஒரு கணக்கு. எம்-3 அரியர் வெச்சிருக்கிறவங்களும் தைரியமா வரலாம், வெறும் கூட்டலும் பெருக்கலும்தான்.

சனிக்கிழமை ராத்திரி மட்டும் ஒரு பீர் குடிக்கிற ஒருத்தரை எடுத்துக்குவோம். பீர் 170 ரூபாய்னு வைங்க. சைட் டிஷ், தண்ணி பாட்டில், கப் எல்லாம் சேர்த்து 130. ஆக ஒரு ராத்திரிக்கு 300. மாசம் நாலு சனிக்கிழமை, 1,200 ரூபாய். ஒரு நாள் அவர் "போதும்டா"ன்னு முடிவெடுக்கிறார். ரொம்ப நல்ல முடிவு. ஆனா அடுத்த சனிக்கிழமையும் அதே ரூம், அதே கூட்டம். சும்மா உக்காந்திருக்க ஒரு மாதிரியா இருக்கு. அதனால ஆல்கஹால் இல்லாத 'ஜீரோ' பீர் ரெண்டு கேன் வாங்கிட்டு வர்றார். கேன் நூறு ரூபாய்ன்னா 200. சைட் டிஷ் செலவு அதே 130. மொத்தம் 330. மாசத்துக்கு 1,320.

குடிச்சப்போ 1,200. விட்டப்போ 1,320.

ரெண்டாவது மாசம் அவர் என்ன சொல்வார்னு உங்களுக்கே தெரியும். "இதுக்கு பீரே குடிச்சிருக்கலாம் மச்சான்!" சிரிப்பா இருந்தாலும், நிறைய பேரோட முடிவு உடையுற இடம் இதுதான். உடம்பு கேட்டுத்தான் திரும்பப் போனாங்கன்னு நாம நினைக்கிறோம். பல நேரம் பர்ஸ்தான் தள்ளிவிட்டிருக்கும்.

இந்தக் கட்டுரை குறைக்கணும், விடணும்னு ஏற்கெனவே முடிவு பண்ணவங்களுக்காக. (நம்ம மாநிலத்துல 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விற்கக் கூடாதுங்கிறது விதி. அதன்படி பார்த்தா இதைப் படிக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கடை வாசலுக்கே போகக்கூடாது. அதையும் சொல்லிவெச்சுடறேன்.) நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: குடியைக் குறைக்கிறது காசு செலவாகுற வேலையே இல்லை. அதைச் செலவாக்குறது நம்ம கூச்சம். அந்தக் கூச்சத்தை விட்டுட்டா, குடிக்கிறதுக்கு ஆயிரம் நல்ல சரக்கு நம்ம சின்ன காஞ்சிபுரத்துலயே ரெண்டு ரூபாய்க்கும் மூணு ரூபாய்க்கும் கிடைக்கும்.

மாலை போட்டவனை யாரும் கேட்கிறதில்லை

கூச்சம்னு ஏன் சொல்றேன்? கார்த்திகை மாசத்தைப் பாருங்க. நம்ம செட்டுலயே நல்லா குடிக்கிறவன் ஒருத்தன் மாலை போடறான். ஒரு மண்டலம் தொட மாட்டான். அவன்கிட்ட யாராவது "ஒரே ஒரு பெக்டா"ன்னு நீட்டறாங்களா? மாட்டாங்க. "சாமி, நீங்க மேல உக்காருங்க"ன்னு இடம் விடுவாங்க. அவனும் ஜீரோ பீர் தேடி அலையறதில்லை. தண்ணி குடிச்சிட்டு, டீ குடிச்சிட்டு, சந்தோஷமா பேசிட்டுப் போறான். ரம்ஜான் மாசத்துல நோன்பு இருக்கிற நண்பன்கிட்டயும் யாரும் டம்ளரை நீட்டறதில்லை.

மாலையைக் கழட்டின அடுத்த வாரம் அதே ஆள், அதே உடம்பு. ஆனா இப்போ அவன் கையில கிளாஸ் இல்லைன்னா கேள்வி வரும். "என்னடா, உடம்பு சரியில்லையா?" "ஆளு கிடைச்சிடுச்சா?" "பெரிய உத்தமன்!" கேள்விக்குப் பதில் சொல்ல முடியாம கையில ஏதாவது பிடிச்சுக்கணும்னு தோணுது. அந்த 'ஏதாவது' பார்க்க பீர் மாதிரி இருக்கணும். அப்படிப் பார்க்க பீர் மாதிரி இருக்கிற எதுவும் பீர் விலைக்குத்தான் கிடைக்கும்.

மாலை போட்டவனுக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு. அவன்கிட்ட ஊரே ஒத்துக்கிற ஒரு காரணம் இருக்கு. உங்க காரணமும் ஒத்துக்கிற மாதிரியான காரணம்தான். எல்லாரும் உக்கார்றதுக்கு முன்னாடியே ஒரு வாட்டி சொல்லிடுங்க: "நான் இந்த செமஸ்டர் எடுக்கலடா." விளக்கம் வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம். இங்கிலாந்துல 2013-லருந்து ஜனவரி மாசம் முழுக்கக் குடிக்காம இருக்கிற ஒரு பழக்கத்தை ஒரு தொண்டு அமைப்பு நடத்திட்டு வருது. அது பிடிச்சுக்கிட்டதுக்கு முக்கியமான காரணம், "ஜனவரி"ன்னு ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியறதுதான்னு எனக்குத் தோணுது. நமக்கு "இந்த செமஸ்டர்" போதும்.

கடைக்காரன் வெச்சிருக்கிற பொறி

குடியை விட்டவங்களுக்குன்னே இப்போ ஒரு சந்தை இருக்கு. ஜீரோ பீர், எனர்ஜி டிரிங்க், ஹோட்டல்ல மாக்டெய்ல். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஜீரோ பீர்: நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருந்தாத்தான் அது மதுபானம். அதனால 'ஆல்கஹால் இல்லாதது'ன்னு சொல்லி விக்கிற ஒண்ணுல சொட்டு அளவு இருக்கவும் வாய்ப்பு உண்டு. லேபிளைப் படிச்சுப் பாருங்க. அதைவிட முக்கியம், அந்தக் கசப்பும் வாசனையும் நுரையும் உங்களுக்கு எதை ஞாபகப்படுத்தும்? சிலருக்கு இது பாலமா உதவுது, மறுக்கலை. ஆனா பலருக்கு அது அந்தப் பக்கமே திரும்பக் கூட்டிட்டுப் போற பாலம்.

எனர்ஜி டிரிங்க்: 20 ரூபாய்க்குக் கிடைக்கிறதுலருந்து 125 ரூபாய் வரைக்கும் இருக்கு. இந்திய விதிப்படி இதுல லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு ரெண்டு அடிச்சா தூக்கம் போச்சு. தூக்கம் போனா மறுநாள் எரிச்சல். எரிச்சல் வந்தா பழைய மருந்து ஞாபகம் வரும்.

கோலா: 250 மில்லில கிட்டத்தட்ட 26 கிராம் சர்க்கரை. ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரு பாட்டில்லயே கோட்டா முடிஞ்சுது.

மாக்டெய்ல்: எலுமிச்சை, புதினா, சர்க்கரை, சோடா. நாலையும் வெளிய வாங்கினா 25 ரூபாய்ல முடிஞ்சுடும். மெனு கார்டுல ஸ்டைலா ஒரு பேர் வெச்சு 150 போட்டிருப்பாங்க.

இதுக்கு மேல வரி. 2025 செப்டம்பர் 22-லருந்து சர்க்கரை சேர்த்த காற்றடைத்த பானங்களுக்கும் காஃபீன் பானங்களுக்கும் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். நூறு ரூபாய்க்கு விக்கிற ஒரு கேனை 1.4-ஆல வகுங்க. சரக்கோட விலை 71 ரூபாய் 43 காசு. மீதி 28 ரூபாய் 57 காசு வரி. ஆனா கடையில உடைச்சுத் தர்ற இளநீருக்கு வரி இல்லை. உங்க ரூம்ல நீங்க கலக்கிற மோருக்கும் இல்லை.

இன்னொரு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கங்க. பாக்கெட்டுலயோ பாட்டில்லயோ போட்டிருக்கிற எம்.ஆர்.பி. விலையில எல்லா வரியும் சேர்ந்துதான் இருக்கு. பெட்டிக்கடையிலயோ தியேட்டர் பக்கத்துக் கடையிலயோ "கூலிங் சார்ஜ்"னு ரெண்டு ரூபாய் மேல கேட்டா அது சட்டப்படி தப்பு. 1915-ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ல புகார் சொல்லலாம். ஆனா ஹோட்டல்ல உக்காந்து குடிச்சா கதை வேற. அங்கே இடம், ஏசி, பரிமாறுறது எல்லாம் சேவைங்கிறதால எம்.ஆர்.பி.க்கு மேல வாங்கலாம்னு 2017 டிசம்பர்ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. அதனால உக்கார்ற இடத்தை மாத்தினாலே பாதிக் காசு மிச்சம்.

ஷேர்ல போற காசு

பானத்தோட விலையைவிடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. அதைப் பத்தி யாரும் வாயே திறக்கிறதில்லை.

ரூம்ல அஞ்சு பேர். சரக்கு 1,200 ரூபாய். பரோட்டா, சிக்கன், ஆம்லெட் 700. தண்ணி, கப், சிப்ஸ் 100. மொத்தம் 2,000. "ஆளுக்கு 400 போடுங்கடா"ன்னு க்ரூப்ல க்யூ.ஆர். வந்துடும். அஞ்சாவது ஆள் குடிக்கலை. அவர் சாப்பிட்டதோட பங்கு 140, மத்ததுல 20. அவர் நியாயமா தர வேண்டியது 160. தர்றது 400. மீதி 240 ரூபாய் மத்த நாலு பேரோட சரக்குக்கு அவர் போட்ட மானியம்.

மாசம் ரெண்டு தடவை, வருஷத்துக்குப் பத்து மாசம்னு வெச்சாலே 4,800 ரூபாய் ஆகுது. குடிக்காதவர் குடிக்குச் செலவு பண்ற காசு இது. கொஞ்ச நாள்ல அவருக்கு என்ன தோணும்? "காசு குடுக்கிறேன்ல, நானும் ஒரு கிளாஸ் ஊத்திக்கிறேன்." நியாயமான கோபம்தான், போற வழிதான் தப்பு. ஒருத்தரைத் திரும்பக் குடிக்க வைக்கிறதுக்கு 'ஆளுக்குச் சமம்'ங்கிற கணக்கே போதும், தனியா யாரும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

"240 ரூபாய்க்கு நண்பன்கிட்ட கணக்குப் பார்ப்பியா?"ன்னு சிலர் கேட்பாங்க. பார்க்கலாம். நம்ம வகுப்புல இருக்கிறவங்க வீடுகளை யோசிங்க. தறிச் சத்தம் கேட்கிற தெருவுலருந்து வர்றவங்க நிறைய பேர். ஒரு பட்டுச் சேலையை நெய்து முடிக்க ரெண்டு வாரத்துக்கு மேலகூட ஆகும். கோர்வை போட்ட சேலைன்னா உடம்பும் கரையும் சேர்ற இடத்துல ஒவ்வொரு இழையும் பார்த்துப் பின்னணும், கூட ஒரு ஆள் நின்னு நாடா தள்ளணும். அப்படி வந்த கூலியிலருந்துதான் செமஸ்டர் ஃபீஸ், பஸ் பாஸ், மெஸ் பில். அந்த 240 யாருக்கு வேணா சின்னதா இருக்கலாம், எல்லாருக்கும் இல்லை. அப்பா குடிச்சுத் தொலைச்ச காசை நினைச்சு வளர்ந்தவங்களும் நம்மகூடத்தான் உக்காந்திருக்காங்க. அவங்க வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க.

தீர்வு ரொம்பச் சுலபம். ரெண்டு பில் போடுங்க. சாப்பாடு எல்லாருக்கும் சமம். சரக்கு, குடிக்கிறவங்களுக்கு மட்டும் சமம். கணக்கு எழுதுற பொறுப்பைக் குடிக்காதவர்கிட்டயே குடுத்துடுங்க. அந்த ராத்திரி கூட்டல் தப்பாம வர்றது அவருக்கு மட்டும்தான்.

அப்போ என்னதான் குடிக்கிறது?

பீருக்குப் பதிலா மில்க் ஷேக் குடிச்சுப் பார்த்தவங்க "செட் ஆகலை"ன்னு சொல்வாங்க. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? மில்க் ஷேக் இனிப்பு. இனிப்பா இருந்தா மடமடன்னு உள்ள போயிடும். அஞ்சு நிமிஷத்துல கிளாஸ் காலி. பீர் அப்படி இல்லை. கசப்பு, குமிழி, சில்லுன்னு ஒரு வெட்டு. அரை மணி நேரம் வெச்சுக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கலாம். பதிலுக்கு வர்ற பானத்துலயும் அந்த வெட்டு இருக்கணும். உப்பு, புளிப்பு, காரம், சூடு, குமிழி இதுல ஏதாவது ஒண்ணு. இதை மனசுல வெச்சுக்கிட்டுப் பார்த்தா நம்ம ஊர்ப் பானங்கள் எல்லாமே சரியா பொருந்துது.

நீர்மோர்: ஹாஸ்டல்ல அடுப்பு இல்லைன்னு கவலை வேண்டாம். 10 ரூபாய் தயிர் பாக்கெட் ஒண்ணு, ஒரு லிட்டர் காலி பாட்டில், உப்பு. தயிரைப் பாட்டில்ல ஊத்தி, கால்வாசி தண்ணி விட்டு, மூடி நல்லா குலுக்குங்க. அப்புறம் மீதித் தண்ணியை நிரப்புங்க. இஞ்சி தட்டிப் போடுங்க. பச்சை மிளகாய் ஒண்ணு கீறிப் போட்டா அந்த வெட்டு வந்துடும். கறிவேப்பிலை இருந்தா கசக்கிப் போடுங்க. அஞ்சு கிளாஸ் வரும். எல்லாம் சேர்த்து 13 ரூபாய்னு வெச்சாலும் ஒரு கிளாஸ் மூணு ரூபாய் ஆகாது. டே ஸ்காலர்னா இன்னும் மலிவு. ஆவின் நீல பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய். ராத்திரி உறை ஊத்தினா காலையில தயிர். அதுல ரெண்டு லிட்டர் மோர் தாராளமா வரும், பத்து கிளாஸ்.

பானகம்: வெல்லம் நூறு கிராம், ஒரு லிட்டர் தண்ணி, எலுமிச்சம்பழம் ஒண்ணு, சுக்குப் பொடி, ஏலக்காய். 15 ரூபாய்க்குள்ள அஞ்சு கிளாஸ். சுக்கைக் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க, தொண்டையில இறங்கும்போது சுர்ருன்னு இருக்கும். வெல்லமும் சர்க்கரைதான், அதனால அளவோட.

சுக்குக் காபி: நம்ம வரதராஜப் பெருமாள் கோயில் இட்லிக்குத் தனி ருசி குடுக்கிறது மிளகும் சீரகமும் சுக்கும். அதே சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் போட்டுக் கொதிக்க வெச்சது சுக்குக் காபி. ராத்திரி நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒண்ணு கிடையாது. சூடா இருக்கிறதால மெதுவாத்தான் குடிக்க முடியும். காஃபீன் இல்லை, தூக்கமும் கெடாது.

கோலி சோடாவும் எலுமிச்சையும்: உப்புப் போட்டுக் குடிங்க, சர்க்கரை வேண்டாம். குமிழி வேணும்னு தவிக்கிறவங்களுக்கு இதுதான் சரி.

நன்னாரி: கடையில சர்பத்தா குடிக்கிறதைவிட ஒரு பாட்டில் வாங்கி ரூம்ல வைங்க. 700 மில்லி பாட்டில் 180 ரூபாய்னு வெச்சாலும், கிளாஸுக்கு 30 மில்லி ஊத்தினா 23 கிளாஸ். ஏழு ரூபாய் சொச்சம்.

பதநீர்: கோடையில கிடைக்கிறப்போ விடாதீங்க. கெமிஸ்ட்ரி பிடிச்சவங்களுக்கு இதுல ஒரு சுவாரஸ்யம் இருக்கு. பதநீரும் கள்ளும் ஒரே பனையோட ஒரே சாறு. பானை உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தா காரத்தன்மையால ஈஸ்ட் வேலை செய்ய முடியாது, அது பதநீர். சுண்ணாம்பு இல்லைன்னா சில மணி நேரத்துலயே புளிச்சுக் கள்ளாயிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முழுசா விடாம குறைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. முதல் பீரை வேகமாக் குடிக்கிறதுக்குப் பெரும்பாலும் காரணம் தாகம். ஆல்கஹால், சிறுநீர் அதிகமாப் போகாம பார்த்துக்கிற ஹார்மோனை அமுக்கிடும். அதனால குடிக்கக் குடிக்க உடம்பு இன்னும் வறளும், இன்னும் தாகம் எடுக்கும். உக்கார்றதுக்கு முன்னாடி ரெண்டு கிளாஸ் மோர் குடிச்சுட்டு உக்காருங்க. நடுவுல ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கிளாஸ் தண்ணி. மூணு, ரெண்டாகும். ரெண்டு, ஒண்ணாகும்.

பந்தல் போட்ட ஊர் இது

வைகாசி பிரம்மோற்சவத்துல கருட சேவை அன்னிக்குக் காலையில தேரடிப் பக்கம் நின்னு பார்த்திருக்கீங்களா? வரதர் சின்ன காஞ்சிபுரத்துலருந்து பெரிய காஞ்சிபுரம் வரைக்கும் போற வழியெல்லாம் பந்தல். அண்டாவுல மோர், பானகம். யார் வந்தாலும் ஒரு டம்ளர். கம்பெனி எம்.டி.யும் வாங்கிக் குடிப்பார், தறி நெய்றவரும் வாங்கிக் குடிப்பார். 2019-ல அத்திவரதர் ஜூலை 1-லருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள் இருந்தப்போ, லட்சக்கணக்குல ஜனங்க வந்து குவிஞ்ச இந்த ஊர்ல வெயில்ல நின்னவங்களுக்குத் தண்ணி குடுத்ததையும் மோர் குடுத்ததையும் நம்ம வீட்டுப் பெரியவங்க இன்னும் சொல்வாங்க.

மோர் டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு நிக்க அங்கே யாருக்கும் கூச்சம் இல்லை. அதே மோர் ஹாஸ்டல் ரூமுக்குள்ள வந்தா மட்டும் "என்னடா தாத்தா மாதிரி"ன்னு ஆயிடுது. பானம் மாறலை, பார்க்கிற கண்ணுதான் மாறுது. நம்ம கல்லூரி சிம்போசியத்துலயும் கல்ச்சுரல்ஸ்லயும் ஸ்பான்சர் குளிர்பான ஸ்டால் போடறோமே, பக்கத்துல ஒரு மோர்ப் பந்தல் போட்டா என்ன? கிளாஸ் மூணு ரூபாய்ங்கிற கணக்குல ஆயிரம் பேருக்கு 3,000 ரூபாய்தான் ஆகும். மேடை லைட்டுக்கு இதைவிட அதிகம் செலவு பண்றோம்.

மிச்சமான காசைக் கண்ணுல பாருங்க

நீங்க குடிக்கிறதை நம்பி ஒரு பெரிய இயந்திரமே ஓடுது. டாஸ்மாக் 1983-ல ஆரம்பிச்ச நிறுவனம். 2003-லருந்து சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துது. 2024-25-ல அது மூலமா அரசுக்கு வந்த வருமானம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல. நம்ம ஊர்ல பிறந்த அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ மதுவிலக்கை விடலை. அவர் மறைஞ்ச ரெண்டு வருஷத்துல, 1971-ல, அது தளர்ந்தது. அப்புறம் வந்தது, போனது, திரும்ப வந்ததுன்னு ஒரு பெரிய கதை. கடையைத் திறக்கிறதும் மூடுறதும் கோட்டையில முடிவாகுற விஷயம். கிளாஸைத் திறக்கிறதும் மூடுறதும் நம்ம கையில. ஆனா நீங்க விட்டா உங்களுக்கு யாரும் பரிசு தரப்போறதில்லை. மிச்சமாகுற காசுதான் பரிசு. அது கண்ணுக்குத் தெரியலைன்னா முடிவு நிக்காது.

அதனால முதல்ல போட்ட கணக்கை இப்போ திருப்பிப் போடுவோம். பழைய சனிக்கிழமை 300 ரூபாய். புது சனிக்கிழமை மோர் 10, சாப்பாட்டுல உங்க பங்கு 70. மொத்தம் 80. மிச்சம் 220. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு, எல்லாரும் பாட்டில் திறக்கிற அதே நேரத்துல, அந்த 220-ஐ உங்களோட இன்னொரு சேமிப்புக் கணக்குக்கு அனுப்புங்க. மாசக் கடைசியில பார்த்துக்கலாம்னு விட்டா அது பிரியாணியில கரைஞ்சுடும். மாசத்துக்கு 880. பத்து மாசத்துல 8,800. கேட் 2026-க்குப் பொதுப் பிரிவு விண்ணப்பக் கட்டணம் 2,000 ரூபாய். அதைக் கட்டிட்டு, புத்தகம் வாங்கிட்டு, வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்கிக் குடுத்தாலும் மீதி இருக்கும். அம்மாகிட்ட காசு ஏதுன்னு விளக்க வேண்டியதில்லை. சேர்த்தேன்னு சொன்னா போதும்.

மோர் போதாத இடம்

ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லணும். தினமும் குடிக்கிறவங்க, காலையிலேயே கை நடுங்குறவங்க, குடிக்கலைன்னா வேர்த்துக்கொட்டுறவங்க திடீர்னு நிறுத்தக் கூடாது. வலிப்பு வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து. அது மோர்லயும் சுக்குக் காபியிலயும் தீர்ற விஷயம் இல்லை. அரசு மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு. 14416-க்கு எந்த நேரமும் இலவசமா கூப்பிட்டுத் தமிழ்லயே பேசலாம். 104-லயும் ஆலோசனை கிடைக்கும். நண்பர் ஒருத்தர் அப்படி இருக்கார்னா அவரைக் கிண்டல் பண்ணாம கூட்டிட்டுப் போங்க. கொஞ்சமாக் குடிச்சா நல்லதுங்கிற கதையையும் நம்ப வேண்டாம். எந்த அளவும் பாதுகாப்பானது இல்லைன்னு 2023 ஜனவரியில உலக சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு.

மத்தவங்களுக்கு, அதாவது சனிக்கிழமைக் கூட்டத்துக்கு, நான் கேட்கிறது மூணு விஷயம். அடுத்த ஷேர் கணக்கை ரெண்டா போடுங்க. "எடுக்கலை"ன்னு ஒருத்தர் சொன்னா ரெண்டாவது தடவை கேட்காதீங்க. போகும்போது பத்து ரூபாய்க்கு ஒரு தயிர் பாக்கெட்டும் வாங்கிட்டுப் போங்க. அந்த ரூம்ல யாரோ ஒருத்தர் அதைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பார், வாயைத் திறந்து கேட்காம.